மேட்டூர் மூடியதும் கடலுக்கு: முதல் லைவ்அபோர்ட் டைவிங் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

லைவ்அபோர்ட் என்றால் படகிலேயே தங்கி, படகிலேயே சாப்பிட்டு, நாளைக்கு மூன்று நான்கு முறை கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா (முதுகில் சிலிண்டர் காற்றோடு முங்கும்) பயணம். கரையில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் காலையில் போய் மாலையில் திரும்ப முடியாத தூரத்துப் பவளப்பாறைகளுக்குப் படகு இரவோடு இரவாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். செலவும் அதற்கேற்ப இருக்கும். அதனால் நீலத் தண்ணீர் போட்டோவைப் பார்த்தவுடன் முன்பணம் கட்டிவிடாதீர்கள். கும்பகோணத்திலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ கிளம்புகிறவர் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும், எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறேன். படகு இதில் நான்காவதாகத்தான் வரும்.

படி 1: சான்றிதழ், அதோடு கொஞ்சம் பழக்கம்

"எனக்குத்தான் நல்லா நீச்சல் தெரியுமே மாமா, நேரா படகுக்கே போயிடலாமா?" என்று என் அக்கா மகன் கேட்டான். ஆற்றில் நீந்தி வளர்ந்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். நீச்சல் தெரிந்தால் தண்ணீர்ப் பயம் இருக்காது, அது நல்லது. ஆனால் ஆற்றில் முங்கும்போது நாம் பழகியது மூச்சை அடக்க. ஸ்கூபாவிலோ முதல் விதியே மூச்சை அடக்கக் கூடாது என்பதுதான். பத்து மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து இழுத்த காற்றை அப்படியே நெஞ்சில் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துபோகும். காவிரியில் பழகிய பழக்கத்தை ஒரு பயிற்சியாளர் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டொழிக்க வேண்டியிருக்கும்.

ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரை போக. அடுத்தது அட்வான்ஸ்டு, 30 மீட்டர் வரை. நம் நாகப்பட்டினம், தரங்கம்பாடிக் கடல் பெரும்பாலும் கலங்கலாக இருக்கும், பழக ஏற்ற இடம் இல்லை. பக்கத்தில் என்றால் புதுச்சேரியில் டைவிங் பள்ளிகள் உண்டு. பத்து நாள் ஒதுக்க முடிந்தால் அந்தமானுக்குப் போங்கள், ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ்) தீவில் தெளிந்த தண்ணீரிலேயே கற்றுக்கொள்ளலாம். அட்வான்ஸ்டு முடித்து, லாக் புக்கில் இருபது முப்பது டைவ் ஏறிய பிறகு லைவ்அபோர்ட் யோசியுங்கள் என்பது என் கருத்து. ஓப்பன் வாட்டர் போதும் என்று ஏற்றிக்கொள்ளும் படகுகளும் இருக்கின்றன. ஆனால் மற்றவர்கள் 25 மீட்டரில் சுறா பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் 18-இல் நின்று அவர்கள் விடும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சேரும்போதே ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதயம், ரத்த அழுத்தம், காது என்று கேள்விகள் இருக்கும். உண்மையை எழுதுங்கள். ஒன்றுக்கு ஆம் என்று வந்தாலும் மருத்துவர் கையெழுத்து தேவைப்படலாம். கடைசி நேரத்தில் அலையாமல் ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

படி 2: தேதி

இதில் டெல்டாக்காரர்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும். சம்பா அறுப்பு முடிந்து, உளுந்து பயறு தெளித்தாகிவிட்டால் மாசி, பங்குனியில் வீட்டில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். வெப்பமண்டலத் தீவுகளில் பலவற்றுக்கு அதுதான் நல்ல பருவம்.

மாலத்தீவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருக்கும். தாய்லாந்தின் சிமிலன் தீவுகளை அக்டோபர் 15 முதல் மே 15 வரைதான் திறந்து வைப்பார்கள். பிலிப்பைன்ஸின் துப்பதாஹா பவளத்திட்டுக்கு மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடு வரை மட்டும்தான் பயணம், அதுவும் லைவ்அபோர்ட் படகில் மட்டும்தான் போக முடியும். மூன்றும் நம் ஓய்வுக் காலத்தில் வந்து விழுகின்றன.

பள்ளி விடுமுறையை நம்பி மே மாதம்தான் போக முடியும் என்றால், மாலத்தீவில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குகிற நேரம் அது. அலை கூடும், விலை குறையும். ஜூனுக்கு மேல் பா அட்டோல் என்ற பவளத்திட்டு வளையத்தில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவுக்கு மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும் என்று விளம்பரம் வரும். வருவது உண்மைதான். ஆனால் அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதி கிடையாது, ஸ்நார்கல் (மேலே மிதந்தபடி குழாய் வழியாக மூச்சிழுத்துப் பார்ப்பது) மட்டும்தான். அதை டைவ் கணக்கில் சேர்த்துச் சொல்கிற ஏஜென்டிடம் மற்றதையும் இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: பாதை

ஒரே நாட்டில் ஒரு பாதை சுலபமாகவும் இன்னொன்று கடினமாகவும் இருக்கும். வித்தியாசம் நீரோட்டத்தில்தான். மாலத்தீவு அட்டோல் என்பது வளையமாக அமைந்த பவளத்திட்டு. அந்த வளையத்தில் அங்கங்கே இடைவெளி உண்டு. வெளிக்கடல் தண்ணீர் அந்த இடைவெளி வழியாக உள்ளே பாயும்போது, திறந்த மதகு வாயில் மாதிரி இருக்கும். சுறாக்கள் அங்கேதான் நிற்கும், டைவர்களும் அதற்காகத்தான் அங்கே போகிறார்கள். எதிர்த்துத் துடுப்படித்தால் சில நிமிடத்தில் மூச்சு வாங்கும், சிலிண்டர் காலியாகும். பாறையோரம் ஒதுங்கத் தெரிய வேண்டும், இல்லையென்றால் ஓட்டத்தோடு போய் மேலே மிதவைக் குழாயை விரித்துப் படகுக்கு அடையாளம் காட்டத் தெரிய வேண்டும்.

வடகிழக்குப் பருவத்தில் ஓட்டம் கிழக்கிலிருந்து வருவதால், கிழக்கு ஓரத்து வாவு அட்டோல் பக்கம் தண்ணீர் தெளிந்து சுறா தெரியும். உள்ளே கலந்த மிதவை உயிரிகள் மேற்குப் பக்கமாக வெளியேறுவதால், அவற்றைத் தின்ன ஆரி அட்டோலின் மேற்கில் மாண்டா வரும். மாலே, வாவு, ஆரி மூன்றையும் சுற்றும் ஒரு வாரப் பாதை முதல் பயணத்துக்குச் சரியாக இருக்கும். தெற்கு ஆரியில் திமிங்கலச் சுறாவை ஆண்டு முழுக்கப் பார்க்க வாய்ப்பு உண்டு. தென்கோடி அட்டோல்களுக்குப் போகும் பாதையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

சிமிலன் இன்னும் இலகு, பயணமும் பெரும்பாலும் மூன்று நான்கு இரவுதான். படகு வாழ்க்கை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க நான் முதலில் சொல்வது அதைத்தான். இந்தோனேசியாவின் கொமோடோ, ராஜா அம்பட் இரண்டும் பேர் பெற்றவை, ஆனால் ஓட்டம் பலமானது. பல படகுகள் ஐம்பது டைவ் முடித்திருக்க வேண்டும் என்று கேட்கும். கேட்காவிட்டாலும் முடித்துவிட்டுப் போங்கள்.

படி 4: இப்போது படகு

அறையில் ஏசி இருக்கிறதா, மேல்தளத்தில் ஜக்குஸி இருக்கிறதா என்பதெல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். நாம் கேட்க வேண்டியது வேறு. 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியா கடலில் கன்செப்ஷன் என்ற டைவிங் படகு தீப்பிடித்து 34 பேர் இறந்தார்கள். எல்லோரும் கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். இரவில் ரோந்து பார்க்க யாரும் விழித்திருக்கவில்லை. கீழ்த்தளத்துக்கு இருந்த இரண்டு வழிகளும் மேலே ஒரே அறைக்குள்தான் திறந்தன, அங்கே தீ. இதைத் தெரிந்துகொண்டு கேள்வி கேளுங்கள். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினால் போதும்:

"இரவு முழுக்க ஒருவர் விழித்துக் காவல் இருப்பாரா? கீழ்த்தள அறைகளிலிருந்து வெளியேற, வேறு வேறு இடத்தில் திறக்கும் இரண்டு வழிகள் உண்டா? கேமரா, டார்ச் பேட்டரிகளை எங்கே சார்ஜ் செய்வது? ஆக்ஸிஜன் கிட் இருக்கிறதா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை டைவர்கள்?"

பதில் தெளிவாக வந்தால் அடுத்ததைப் பேசலாம். "எல்லாம் சேஃப்டி சார், கவலைப்படாதீங்க" என்று மட்டும் வந்தால் வேறு படகைப் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு நான்கு, ஐந்து என்று வந்தால் நல்லது. எட்டு என்றால் புதியவருக்கு அதிகம்.

மாலத்தீவில் பெரிய படகோடு ஒரு தோணி தனியாகக் கூடவே வரும். கம்ப்ரஸரும் சிலிண்டர்களும் அதில்தான் இருக்கும். முதல் நாள் உங்கள் மிதவை ஜாக்கெட்டையும் மூச்சிழுக்கும் ரெகுலேட்டரையும் பெஞ்சில் உள்ள ஒரு சிலிண்டரில் மாட்டினால், பயணம் முடியும்வரை அது உங்கள் இடம். ஒவ்வொரு டைவ் முடிந்ததும் குழாயை இழுத்துவந்து அங்கேயே நிரப்பிவிடுவார்கள். நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்று) எடுத்தால் ஒரு வேலை உங்களுடையது. சிலிண்டர் வாயில் அளவுமானியைப் பிடித்து, முள்ளோ எண்ணோ நிற்கும்வரை பார்த்து, ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாக 32-ஐ ஒட்டி வரும். சாதாரணக் காற்றில் 21. ஆக்ஸிஜன் கூடினால் நைட்ரஜன் குறையும், நாளைக்கு மூன்று நான்கு டைவ் போகிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் 32 சதவீதத்தோடு 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. நைட்ராக்ஸ் வகுப்பு ஒரு நாள் வேலைதான், கிளம்பும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

படி 5: பணம்

விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் இருப்பது முழு விலை இல்லை. கருவி வாடகை, நைட்ராக்ஸ், எரிபொருள் கூடுதல், பூங்காக் கட்டணம், விமான நிலையத்திலிருந்து படகு வரை கொண்டுவிடுவது, ஊழியர்களுக்கான டிப்ஸ் என்று கீழே பொடி எழுத்தில் ஓடும். மாலத்தீவில் பசுமை வரி 2025 ஜனவரியிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக எழுதித் தரச் சொல்லுங்கள், அப்புறம்தான் இரண்டு படகுகளை ஒப்பிட முடியும். தனியாகப் போகிறவர் அறையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தால் கணிசமாக மிச்சம். கீழ்த்தள அறை மலிவு, ஆட்டமும் குறைவு, இன்ஜின் சத்தம்தான் கொஞ்சம் கேட்கும்.

காப்பீடு தனி. சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் ஸ்கூபா சேராது. டிகம்ப்ரஷன் நோய் (டைவில் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் அழுத்தம் குறையும்போது குமிழியாகி வரும் கோளாறு) வந்தால் அழுத்த அறைச் சிகிச்சைக்கு ஆகும் செலவைத் தாங்கும் டைவிங் காப்பீடு எடுங்கள். டான் (DAN, டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்) அமைப்பு இதற்கென்றே இருக்கிறது.

படி 6: பை, சாப்பாடு, வயிறு

சூட்கேஸ் வேண்டாம். அறையில் அதை வைக்க இடம் இருக்காது, மடித்துச் சொருகக்கூடிய துணிப்பையே போதும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லி எழுதுங்கள். மாலத்தீவுச் சமையலில் மாசிக் கருவாடு எதில் வேண்டுமானாலும் தூளாக விழுந்திருக்கும். கடல் மயக்கத்துக்கு அவோமின் மாதிரி மாத்திரை போடுகிறவர்கள் ஊரில் இருக்கும்போதே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். சிலருக்குத் தூக்கம் தள்ளும், அந்த நிலையில் தண்ணீரில் இறங்கக் கூடாது. மருத்துவரிடம் டைவிங் போகிறேன் என்று சொல்லியே கேளுங்கள். மாலத்தீவுக்கு மது கொண்டுபோகக் கூடாது, விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

படி 7: விமான டிக்கெட்

திருச்சியிலிருந்து கொழும்பு வழியாக மாலே போகலாம். சிமிலன் என்றால் கோலாலம்பூர் மாறிப் புக்கெட். எதுவானாலும் படகு கிளம்பும் நாளுக்கு முந்தின நாளே போய்ச் சேருங்கள். விமானம் தாமதமானால் படகு காத்திருக்காது.

திரும்பும் டிக்கெட்டில்தான் கணக்கு முக்கியம். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. 24 என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. கடைசி டைவ் எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும் என்று படகுக்காரர்களிடம் அட்டவணையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு டிக்கெட் போடுங்கள்.