நிக்சன்-கிஸ்ஸிஞ்சர் நாடாக்களைக் கேட்பது எப்படி

ஒரு நாட்டின் தலைவரும் அவருடைய ஆலோசகரும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியுறவு பேசினால், அது நம் காதுக்கு வருவதே இல்லை. 1971 இதற்கு விதிவிலக்கு. அந்த வருடம் பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் தன் அலுவலகத்தில் ரகசிய ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தார். 1973 ஜூலை வரை அது ஓடியது. மொத்தம் சுமார் 3,700 மணி நேரம். இதில் ஏறக்குறைய 3,000 மணி நேரப் பதிவுகள் வெளியாகிவிட்டன. கிழக்கு பாகிஸ்தான் பிரிந்து வங்கதேசம் பிறந்த வருடமும் அதுதான் என்பதால் நம் துணைக்கண்டத்தின் கதையும் அந்த நாடாக்களில் இருக்கிறது.

ஏழெட்டு வருடமாக இவற்றைக் கேட்டு வருகிறேன். புதிதாகக் கேட்க வருகிறவர்கள் நேராக வசவுகளைத் தேடிப் போகிறார்கள். இந்திரா காந்தியை நிக்சன் எப்படித் திட்டினார் என்பது செய்தியில் வந்தாயிற்று. அதை மறுபடி கேட்பதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. பேச்சு எங்கே உத்தரவாக மாறியது என்பதைத்தான் தேட வேண்டும்.

முதலில் நாடாவைத் தொடாதீர்கள். அதிபரின் தினசரி நாட்குறிப்பை எடுங்கள். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று நிமிடக் கணக்கில் அதில் இருக்கும். அப்புறம் நாடாவுக்கான பொருள் அட்டவணை: பேசியவர்கள், பேசிய விஷயங்கள், எங்கே எத்தனை வினாடி நீக்கப்பட்டிருக்கிறது என்பது வரை அதில் குறித்திருப்பார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நிக்சனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு அதே அறையில் யார் இருந்தார் என்பது தெரிந்தால், தலைவரின் கோபம் எங்கிருந்து வந்தது என்பது பல சமயம் விளங்கிவிடும்.

இப்போது கேட்கலாம். நல்ல ஹெட்போன் அவசியம். ஓவல் அலுவலகத்தில் ஐந்து மைக்குகள் அதிபரின் மேசைக்குள்ளேயே இருந்தன, இரண்டு கணப்படுப்புப் பக்கம். அதனால் மேசைமேல் ஒரு கோப்பையை வைத்தால்கூட இடி மாதிரி கேட்கும். தள்ளி உட்கார்ந்திருப்பவர் பேசுவது முணுமுணுப்பாகப் போய்விடும். கருவி குரல் கேட்டால் தானாக ஓடத் தொடங்கும் வகை என்பதால் முதல் சில சொற்கள் விழாமல் போயிருக்கலாம். ஒரு தடவை எழுத்துப்படி இல்லாமல் கேளுங்கள். இரண்டாம் தடவை எழுத்துப்படியோடு. மூன்றாம் தடவை மறுபடி அது இல்லாமல். எழுத்துப்படியை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வாக்கியத்தை இரண்டு அறிஞர்கள் இரண்டு விதமாக எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சந்தேகமான இடத்தில் உங்கள் காதையும் நம்புங்கள்.

தொலைபேசி உரையாடல் என்றால் இன்னொரு வசதி உண்டு. நாடா ஓடுவது அந்தச் சமயத்தில் கிஸ்ஸிஞ்சருக்குத் தெரியாது. அவரோ தன் பங்குக்கு, தன் தொலைபேசிப் பேச்சுகளைச் செயலாளர்களைக் கொண்டு எழுத வைத்துக்கொண்டிருந்தார். ஆக, ஒரே பேச்சுக்குச் சில சமயம் இரண்டு சாட்சிகள் கிடைக்கின்றன. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எழுத்தில் எது மழுங்கியிருக்கிறது, எது சுருங்கியிருக்கிறது என்று பார்ப்பதே ஒரு படிப்பு.

சரி, ஒரு உதாரணம். 1971 நவம்பர் 5 காலை. முந்தின நாள் இந்திரா காந்தி நிக்சனைச் சந்தித்துவிட்டுப் போயிருக்கிறார், இன்றும் வரப்போகிறார். அறையில் நிக்சன், கிஸ்ஸிஞ்சர், வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலர் ஹால்டெமன். வசவுகள் நிறைந்த பதிவு இது. ஆனால் அவற்றுக்கு நடுவில் கிஸ்ஸிஞ்சர் ஒன்று சொல்கிறார்: அமெரிக்கா தன்னை அன்பாக வரவேற்கவில்லை, வேறு வழியில்லாமல் போருக்குப் போகிறேன் என்று ஊர் திரும்பி இந்திராவால் இனி சொல்ல முடியாது. இந்த இடத்தில் நாடாவை நிறுத்துங்கள். அந்தச் சந்திப்பை அவர்கள் எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பது இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அகதிகளைப் பற்றிய பேச்சுவார்த்தையாக அல்ல, எதிராளியின் கையிலிருந்து ஒரு காரணத்தைப் பிடுங்குவதாகவே அதைப் பார்த்திருக்கிறார்கள். ஆலோசகரின் உத்தியையும் கவனியுங்கள். தலைவர் கோபத்தில் இருக்கும்போது அவர் அதைத் தணிக்கவில்லை. ஒத்து ஊதிக்கொண்டே, நேற்று நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்ற கணக்கையும் கையில் கொடுக்கிறார். பேசிய சொற்களுக்காக 2005இல் கிஸ்ஸிஞ்சர் வருத்தம் தெரிவித்தார். எனக்கு அந்தச் சொற்களைவிட இந்தக் கணக்குதான் வலிக்கிறது.

அடுத்து, பேச்சு அறையை விட்டு வெளியே போகும் தடத்தைப் பிடியுங்கள். டிசம்பர் 3 அன்று இந்தியா-பாகிஸ்தான் போர் மூண்டது. அன்றைய அதிகாரிகள் கூட்டத்தில் கிஸ்ஸிஞ்சர், அரை மணிக்கொரு தடவை அதிபரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன், பாகிஸ்தான் பக்கம் சாய வேண்டும் என்கிறார் என்று சொன்னது குறிப்பில் இருக்கிறது. பத்திரிகையாளர் ஜாக் ஆண்டர்சன் கையில் அது கிடைத்து, அடுத்த மாதமே உலகுக்குத் தெரிந்தது. தலைவர் ஆலோசகரிடம் சொன்னது நாடாவில். ஆலோசகர் அதிகாரிகளிடம் சொன்னது கூட்டக் குறிப்பில். அதிகாரிகள் தூதரகங்களுக்குச் சொன்னது தந்தியில். இந்த மூன்றையும் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். கூட்டக் குறிப்புகளும் தந்திகளும் அமெரிக்க வெளியுறவுத் துறை 2005இல் வெளியிட்ட 1971 தெற்காசிய நெருக்கடித் தொகுதியில் கிடைக்கும்.

காகிதங்களையும் விட்டுவிடாதீர்கள். அந்த வருடம் ஏப்ரல் 28 தேதியிட்ட ஒரு குறிப்பில் கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தான் விஷயத்தில் மூன்று வழிகளை முன்வைக்கிறார். அதன் அடியில் நிக்சன் தன் கையால், யாஹ்யாவை (பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான்) இப்போது நெருக்க வேண்டாம் என்று எழுதி, 'வேண்டாம்' என்பதன் கீழ் மூன்று கோடு போட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தின் நகலைப் பாருங்கள். அந்த அழுத்தம் எந்த அச்சுப் பிரதியிலும் இந்த அளவுக்குத் தெரியாது.

அறையில் இல்லாதவர்களையும் உள்ளே கொண்டுவர வேண்டும். அந்தக் குறிப்புக்கு மூன்று வாரம் முன்பு, ஏப்ரல் 6 அன்று, கிழக்கு பாகிஸ்தானின் டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட், தன் சகாக்கள் இருபது பேர் கையெழுத்திட்ட எதிர்ப்புத் தந்தியை அனுப்பியிருந்தார். பாகிஸ்தான் ராணுவம் கண்ணெதிரே நடத்தும் படுகொலையைக் கண்டிக்காத தங்கள் அரசைக் கண்டித்த தந்தி. அதை முதலில் படித்துவிட்டு அந்த மூன்று கோடுகளைப் பாருங்கள். சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்த வருடம் அது. நாடாவைக் கேட்கும்போது அந்த எண்ணை நோட்டின் மேல்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம், நீங்களும் செய்யலாம்.

டில்லிப் பக்கம் இப்படி நாடா எதுவும் கிடைக்காது. அங்கே இந்திராவுக்கு ஆலோசகர் பி. என். ஹக்சர். நவம்பர் 4 சந்திப்பில் அவரும் உட்கார்ந்திருந்தார். அவர் எழுதிய குறிப்புகளைக் கொண்டுதான் அந்தப் பக்கத்தை நாம் கட்ட வேண்டும். காகிதம் யோசித்து எழுதப்பட்டது, நாடா யோசிக்காமல் விழுந்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தி, டில்லி கண்ணியமாகப் பேசியது, வாஷிங்டன் அசிங்கமாகப் பேசியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதல் தடவை கேட்கிறவர் டிசம்பர் போர் நாட்களில் ஆரம்பிக்க வேண்டாம். பெயர்களும் கப்பல்களும் தலையைச் சுற்றவைக்கும். நவம்பர் 5 காலைப் பதிவில் தொடங்குங்கள். ஓவல் அலுவலகம், உரையாடல் எண் 615-4.