கோடைக்கு யூரியா ஊட்டிய வைக்கோல்: செய்முறை

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் வைக்கோலுக்கு நெருப்பு வைப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும். ஆடி, ஆவணியில் விலா எலும்பு தெரிய நிற்கும் பசுக்களின் தீவனமே அங்கு எரிகிறது. வெறும் வைக்கோலில் ஏறத்தாழ 4 வீதமே புரதம் உண்டு. யூரியா ஊட்டினால் அது 7 வீதம் வரை உயரும். யூரியாவிலிருந்து பிரியும் அமோனியா நாரையும் இளக்குவதால் மாடு விரும்பிக் கூடுதலாகத் தின்னும்.

100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 100 லீற்றர் தண்ணீர். கண்மதிப்பு வேண்டாம், தராசில் நிறுங்கள். யூரியாவை முற்றாகக் கரைத்து, கரைசலை மாடு எட்டாத இடத்தில் வையுங்கள். அதைக் குடித்த மாடு பிழைப்பது அரிது.

நான் தவறிய இடம் தெளிப்பில்தான். முதன்முறை போரை முழுதாகக் குவித்துவிட்டு மேலிருந்து ஊற்றினேன். திறந்தபோது நடுப்பகுதி வெளிறிக் காய்ந்தபடியே இருந்தது. அடிப்பகுதியோ கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. பாதியைக் கூட்டெருக் குழியில் போட வேண்டியதாயிற்று. இப்போது 10 கிலோ வைக்கோலைப் படங்கின்மேல் பரப்பி, 10 லீற்றர் கரைசலைப் பூவாளியால் சீராகத் தெளித்து, ஓரங்களையும் விடாமல் காலால் மிதித்து இறுக்கிய பின்னரே அடுத்த படையை இடுகிறேன். குழாயால் பீச்சுவதைவிடப் பூவாளியே சிறந்தது.

பின்னர் தடித்த பொலித்தீனால் மூடி, விளிம்பெங்கும் மண் அணையுங்கள். தைத்த உரப்பைகளை நான் விரும்புவதில்லை; ஊசித் துளைகளினூடாக வாயு வெளியேறிவிடும். வன்னி வெயிலுக்கு இரண்டு கிழமை போதும், மழைக்காலமாயின் மூன்று. சரியாக ஊறிய வைக்கோல் கடும் மஞ்சளாக, கைக்கு மெதுவாக இருக்கும். மூடியை உயர்த்தியதும் அதன் நெடி கண்ணை எரிக்கும்.

ஒரு பக்கத்தை மட்டும் திறந்து ஒரு நாள் தேவைக்கு எடுங்கள். முதல் நாள் கால் பங்கை வெறும் வைக்கோலுடன் கலந்து தொடங்கி, ஒரு கிழமையில் முழு அளவுக்கு வாருங்கள். கிளிசரிடியா இலையும் நிறையத் தண்ணீரும் கூடவே வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது.

பிற்சேர்க்கை: பசு முகர்ந்துவிட்டு விலகுகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். போரிலிருந்து எடுத்தவுடனேயே அவர் தொட்டியில் இட்டிருக்கிறார். முந்தைய நாள் மாலையிலேயே எடுத்து நிழலில் பரப்பி, இரவு முழுவதும் காற்றாட விட்டு, காலையில் கொடுங்கள்.