பள்ளியிலிருந்து வந்த ஐக்யூ அறிக்கையை எப்படிப் படிப்பது

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் யாருக்காவது பள்ளியிலிருந்து புரியாத காகிதம் வந்தால் அது நேராக என் சமையலறை மேசைக்கு வந்துவிடும். முப்பது வருடம் டீச்சராக இருந்த பாவம்! போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பழுப்பு உறையோடு வந்தார். பேரன் இரண்டாம் வகுப்பு.

"டீச்சர், 84 போட்டிருக்கு. நூத்துக்கு 84-ன்னா நல்ல மார்க்குதானே? அப்புறம் ஏன் தனி வகுப்புக்கு மாத்தணும்ங்கிறாங்க?"

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: அது ஐக்யூ எனும் அறிவுத்திறன் எண், நூற்றுக்கு வாங்கிய மார்க் இல்லை. அதே வயதுப் பிள்ளைகளின் சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். 84 என்றால், நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் இவனுக்குப் பின்னால் சுமார் 14 பேர். இந்த 100 வந்த கதை சின்னது. ஒரு பிள்ளை எந்த வயதுப் பிள்ளைக்குச் சமமாகத் தேர்வைச் செய்கிறதோ அதுதான் மனவயது; அதை உண்மை வயதால் வகுக்கலாம் என்று 1912-இல் ஸ்டெர்ன் என்ற ஜெர்மானியர் சொன்னார். வகுத்து வந்ததை நூறால் பெருக்கி 1916-இல் பரப்பியவர் அமெரிக்க உளவியலாளர் டெர்மன். இப்போது யாரும் அப்படி வகுப்பதில்லை, ஐக்யூவில் உள்ள 'க்யூ', அதாவது வகுத்து வரும் ஈவு (quotient), பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் 79–90 என்பது போல ஒரு வீச்சு இருக்கும். எந்தத் தேர்விலும் கொஞ்சம் முன்பின் இருக்கும், உண்மையான எண் அநேகமாக இதற்குள் இருக்கும் என்று அர்த்தம். அதைத்தான் படிக்க வேண்டும். வீச்சு போடாத அறிக்கை வந்தால் கேட்டு வாங்குங்கள்.

பிறகு பக்கத்தைத் திருப்பி உள்தேர்வுகளைப் பாருங்கள். என்னைக் கேட்டால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. இந்தப் பையன் கட்டைகளை அடுக்குவதிலும் படத்தில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பதிலும் சராசரிக்கு மேலே இருந்தான். சொல்லச் சொல்ல எண்களைத் திருப்பிச் சொல்வதிலும் சொற்பொருளிலும் அதலபாதாளம். தேர்வு நடந்த தேதியைக் காட்டினேன். அக்கா விரல் மடக்கி எண்ணிவிட்டு, "இது அவனுக்குக் காதில் சீழ் வடிஞ்ச வாரமாச்சே" என்றார்.

எதை அளந்தார்கள் என்று பாருங்கள்! இது புதிதும் இல்லை. முதல் உலகப் போரின்போது, 1917-இல் தொடங்கி, அமெரிக்க ராணுவம் யெர்க்ஸ் என்ற உளவியலாளர் தலைமையில் பதினேழு லட்சத்துக்கும் அதிகமானவர்களைச் சோதித்தது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படத் தேர்வு: டென்னிஸ் ஆட்டத்தில் வலை இல்லை, வரைந்து காட்டு. டென்னிஸையே பார்க்காதவன் என்ன வரைவான்? புகைபோக்கி இல்லாத வீட்டுக்கு ஒரு சிசிலிக்காரர் சிலுவை வரைந்தாராம்; தப்பு என்று போட்டார்கள். இந்த எண்களைக் காட்டித்தான் பிரிகம் என்ற அமெரிக்க உளவியலாளர் தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களை மட்டம் என்று 1923-இல் எழுதினார். 1930-இல் அவரே அதைத் திரும்பப் பெற்றார். அதற்குள் அவர்கள் அமெரிக்காவுக்கு வருவதைக் கட்டுப்படுத்திய 1924-இன் குடியேற்றச் சட்டம் வந்துவிட்டது.

நம் நாட்டிலும் இதே கதைதான். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கற்கும் திறன் குறைவு என்று 1939-இல் ஃபிக் என்ற உளவியலாளர் எழுதினார். வீடு, உணவு, பள்ளி, மொழி இவற்றை விட்டுவிட்டு அப்படிச் சொல்ல முடியாது என்று 1943-இல் பீஷூவல் என்ற இன்னொரு உளவியலாளர் பதில் சொன்னார். ஆட்சியில் இருந்தவர்கள் யார் பேச்சைக் கேட்டார்கள் என்பது தெரிந்ததே. (பின்னாளில் பிரதமராகி நிறவெறி ஆட்சியை நடத்திய வெர்வூர்டும் ஸ்டெலன்பாஷ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர்தான்.) வெள்ளையருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று தேர்வுகளையும் பிரித்தே வைத்திருந்தார்கள். 1970-களில் எங்கள் வகுப்பிலும் ஒன்று வைத்தார்கள். மணி அடித்தால் பக்கம் திருப்ப வேண்டும். முடிவை யாரும் சொல்லவில்லை. அடுத்த வருடம் என் தோழி கணக்குப் பாடமே இல்லாத பிரிவில் உட்கார்ந்திருந்தாள்.

அதனால் இதையும் கேளுங்கள்: எந்தத் தேர்வு, எந்த மொழியில், எந்த ஆண்டில், எந்தப் பிள்ளைகளை வைத்துச் சராசரி கட்டியது? வீட்டில் ஜூலு பேசும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வைத்திருந்தால் சொற்பொருள் எண்ணை நம்பாதீர்கள். சோதித்தவரின் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. (தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில்முறையாளர் மன்றம்) பதிவு எண் அறிக்கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில்கூட, 1998-இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, எல்லோருக்கும் நியாயமாகப் பொருந்தும் என்று நிரூபிக்காத உளவியல் தேர்வை வைக்கக் கூடாது.

கடைசியாக, இந்த எண் எதற்கு என்று கேளுங்கள். 1905-இல் பாரிசில் பினேவும் சிமோனும் முதல் தேர்வைச் செய்தது, வகுப்பில் திணறும் பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று கண்டுபிடிக்க. பிள்ளையின் அறிவு மாறாத அளவு என்பதைப் பினே ஒத்துக்கொண்டதே இல்லை. ஆகவே "எந்த உதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மறுபடி எப்போது பார்ப்பீர்கள்?" என்று எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும்.

அக்காவுக்கு நாங்கள் எழுதிய கடிதம் நாலு வரிதான். தேர்வு நாளில் காதில் தொற்று இருந்தது. மருந்துச் சீட்டின் நகல் இணைத்திருக்கிறோம். செவித்திறன் பரிசோதனை முடியும்வரை வகுப்பை மாற்ற வேண்டாம். மறுதேர்வு எப்போது, எந்தத் தேர்வு? அதே தேர்வை உடனே வைத்தால் கேள்விகள் நினைவிருந்தே எண் ஏறிவிடும், அதனால்தான் அந்தக் கடைசி வரி. கொடுக்கும்போது நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அக்கா இரண்டு நகல் எடுத்து, ஒன்றை என் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.