கீழ் இமை ஒபரேசன் சரிவரவில்லையா? இரண்டாவது டொக்டரிடம் போகும் முன்

கண்ணுக்குக் கீழே இருந்த பையை எடுக்கக் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பை போனது. ஆனால் இடது இமை கீழே இறங்கி, கருவிழிக்கு அடியில் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. திருகோணமலையில் டச் பே கடற்கரைப் பக்கம் நடக்கையில் கச்சான் காற்று அடித்தால் கண்ணீர் நிற்காது. "வீட்டில ஏதும் பிரச்சினையா பிள்ளை?" என்று மரக்கறிக்கார அம்மாவே கேட்டுவிட்டார்.

படி 1: அவசரமா, ஆறுதலாகப் பார்க்கலாமா?
வீக்கம் வடியச் சில வாரம், தழும்பு இளக மாதக்கணக்கு ஆகும். திருத்தும் ஒபரேசனைப் பெரும்பாலும் ஆறு மாதம் கழித்துத்தான் செய்வார்கள். அபிப்பிராயம் கேட்க அவ்வளவு காலம் பொறுக்கத் தேவையில்லை. நித்திரையில் உங்கள் கண் முழுதாக மூடுகிறதா என்று வீட்டில் ஒருவரை டோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகலாம், உடனே கண் டொக்டரிடம் காட்டுங்கள். ஒபரேசன் முடிந்த கையோடு கடும் வலி, பார்வை மங்கல், கண் பிதுங்கல் என்றால் இதை வாசித்துக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

படி 2: சத்திரசிகிச்சைக் குறிப்பை வாங்குங்கள்
நான் சறுக்கிய இடம் இது. இரவு ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போய், இரண்டாவது டொக்டரைச் சனல் பண்ணி (தனியாகக் காட்ட நேரம் பதிந்து), இரண்டு மணித்தியாலம் காத்திருந்து உள்ளே போனேன். கையில் ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட் மட்டும். அதில் 'இரு கீழ் இமை பிளெபரோபிளாஸ்டி' (இமையைச் சீர்செய்யும் ஒபரேசன்) என்று ஒரே வரி. டொக்டர் கேட்டார்: தோலை எவ்வளவு வெட்டினார்கள்? கொழுப்பை எடுத்தார்களா, இடம் மாற்றி வைத்தார்களா? இமையின் வெளி ஓரத்தை இறுக்கித் தைத்தார்களா? மயக்கத்தில் கிடந்தவளுக்கு என்ன தெரியும்!

அந்த விவரம் ஒபரேசன் செய்தவர் எழுதும் குறிப்பில்தான் இருக்கும். முதல் டொக்டரிடம் கேட்கக் கூசினேன், நம்பவில்லை என்று நினைத்துவிடுவாரே. கடைசியில் ஆஸ்பத்திரிப் பதிவேட்டுப் பிரிவுக்கு ஒரு கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும் கொடுத்தேன். "இன்னொரு டொக்டரிடமும் காட்ட வேண்டும், குறிப்பின் பிரதி தாருங்கள்" என்று மட்டும் எழுதினேன். மூன்று வாரத்தில் கிடைத்தது. குறை சொல்லி ஒரு வரிகூட எழுதாதீர்கள், அது வேறு விஷயம்.

படி 3: போட்டோ
நேராக, இரு பக்கமும், மேலே பார்த்தபடி, கண்ணை மூடியபடி. ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொருவர் எடுக்கட்டும். செல்ஃபி வேண்டாம். போனில் பியூட்டி மோட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எனது முதல் போட்டோக்களில் தழும்பே இல்லை! ஒபரேசனுக்கு முந்திய படத்துக்குத் தங்கையின் கல்யாண அல்பம் கைகொடுத்தது.

படி 4: யாரிடம்?
கண் டொக்டராகப் படித்து, பிறகு இமைக்கென்றே பயின்ற ஒக்யூலோபிளாஸ்டிக் நிபுணரிடம். அழகு மட்டும் பார்க்கும் இன்னொரு கிளினிக் என் கணக்கில் காசுக்குக் கேடு. நான் காட்டிய நிபுணர் இமையை மெல்லக் கீழே இழுத்துவிட்டு, கண் சிமிட்டாமலே அது திரும்பி ஒட்டுகிறதா என்று பார்த்தார். கண்ணீர் அளக்க இமைக்குள் ஒரு காகிதத் துண்டை ஐந்து நிமிடம் வைத்தார்.

படி 5: ஒரே கேள்வி
"இமை ஏன் இறங்கியது?" தளர்ந்திருந்தால் ஓரத்தை இறுக்குவார்கள். தோல் போதாவிட்டால் வேறிடத்துத் தோலை ஒட்ட வேண்டி வரலாம். உள்ளே தழும்பு இழுத்தால் அதை விடுவித்து இடையில் தாங்கு திசு வைப்பார்கள். காரணம் சொல்லாமல் திகதி குறிப்பவரிடம் நான் கண்ணைக் கொடுக்க மாட்டேன்.

பிறகு சேர்த்தது: முதல் டொக்டர் இலவசமாகத் திருத்தித் தருகிறாராம், போகலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். ஒபரேசன் தியேட்டருக்கும் மயக்க மருந்துக்கும் யார் கட்டுவது என்று கேளுங்கள் அக்கா. அதற்கு முன் படி 5 கேள்வியை அவரிடமும் கேளுங்கள். இருவர் சொல்லும் காரணமும் ஒன்றென்றால் அவரிடமே செய்யலாம். எனக்கு அது ஒன்றாக இருக்கவில்லை.