பாஸ் கிட்டாரில் பென்டாடோனிக் ஸ்கேல்: மனப்பாடம் செய்யும்போது நேரும் தவறுகள்

பென்டாடோனிக் ஸ்கேலில், அதாவது சுர வரிசையில், ஐந்தே சுரங்கள். விரல் சீக்கிரம் பழகிவிடும், சிக்கலும் அதனால்தான். கை தானாக ஓடும். எந்தச் சுரத்தில் நிற்கிறோம் என்று கேட்டால் பதில் வராது.

ஏ மைனர் பென்டாடோனிக்கை எடுத்துக்கொள்வோம்: ஏ, சி, டி, ஈ, ஜி. மிகத் தடித்த ஈ தந்தியில் 5, 8 ஃப்ரெட்கள் (கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டங்கள்). ஏ, டி, ஜி தந்திகளில் 5, 7. இதை வெறும் எண்களாக உருப்போடுவதுதான் முதல் தவறு. ரூட், அதாவது ஸ்கேலின் ஆதார சுரமான ஏ, இங்கே இரண்டே இடத்தில் இருக்கிறது: ஈ தந்தி 5, டி தந்தி 7. வாசிக்கும்போதே, ரூட்டிலிருந்து எண்ணும் பெயர்களால், 'ரூட், மைனர் மூன்று, நான்கு, ஐந்து, மைனர் ஏழு' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு ரூட்டையும் பார்க்காமல் தொட வரும்வரை அடுத்த பொசிஷன் (அதே சுரங்கள் கழுத்தில் வேறிடத்தில் அமையும் வடிவம்) வேண்டாம்.

ஐந்து பொசிஷன்களையும் தனித்தனிப் படங்களாகப் படிப்பதும் வீண் வேலை. முதல் பொசிஷனில் ஒவ்வொரு தந்தியிலும் உள்ள மேல் ஃப்ரெட்தான் இரண்டாவதில் கீழ் ஃப்ரெட். அதாவது ஈ, ஏ, டி, ஜி தந்திகளில் முறையே 8, 7, 7, 7 உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாக வேண்டியது 10, 10, 10, 9 மட்டுமே. கிட்டாருக்கான ஆறு தந்திப் படத்தை வைத்துப் படித்தால் தடித்த நான்கு தந்திகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேஜரையும் மைனரையும் இரண்டு பாடமாக்க வேண்டாம். ஏ மைனரின் அதே ஐந்து சுரங்களை சி-யிலிருந்து தொடங்கினால் சி மேஜர் பென்டாடோனிக். கர்நாடக இசை தெரிந்தவருக்கு இது புதிதல்ல: மோகனத்தின் தைவதத்தை ஆதாரமாக்கினால் சுத்த தன்யாசி.

பெரிய தவறு இனிமேல்தான். பாட்டு ஏ மைனரில் இருக்கிறது, எனவே எல்லா இடத்திலும் ஏ மைனர் பென்டாடோனிக் என்று பாஸிஸ்ட் ஓட்டக்கூடாது. லீட் கிட்டாருக்கு அது பல இடங்களில் ஒத்துப்போகும். பாஸில் முதல் அடியில் விழும் சுரம் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தின்) அடித்தளமாகவே கேட்கும். ஏ மைனர் கார்டுக்குக் கீழே சி-யை நிறுத்தினால் ரூட் அல்லாத சுரம் அடியில் வந்து, கார்டு தலைகீழ் வடிவமாகிவிடும். தெரிந்தே செய்தால் அழகு, தெரியாமல் செய்தால் பிடிப்பு போய்விடும். ஈ செவன்த் கார்டு வரும்போது ஸ்கேலில் உள்ள ஜி, கார்டில் உள்ள ஜி ஷார்ப்போடு மோதும். ஏ மைனர், எஃப், சி, ஜி என்று கார்டுகள் மாறினால் ஒவ்வொன்றின் முதல் அடியிலும் அதன் ரூட்டைப் பிடியுங்கள். எஃப் இந்த ஸ்கேலிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். மற்ற சுரங்கள் அடுத்த ரூட்டுக்குப் போகும் வழி.

எப்போதும் கீழிருந்து மேலே ஏறி இறங்குவதும் கெட்ட பழக்கம், ஏனென்றால் எந்தப் பாட்டும் அப்படி வராது. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒருமுறை நான்காவது சுரத்திலிருந்து தொடங்குங்கள், அடுத்து ஒரு சுரம் விட்டு ஒரு சுரம் வாசியுங்கள். பிசிறில்லாமல் வந்தால் மட்டும் 5 கூட்டுங்கள்.

தலைப்பக்கம் உள்ள கீழ் ஃப்ரெட்களில் இடைவெளி அகலம். விரலுக்கொரு ஃப்ரெட் என்று இழுத்தால் மணிக்கட்டு வலிக்கும். அங்கே ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றே போதும், மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணையாக நிற்கட்டும். உயரத் தந்திக்கு மாறும்போது பறிக்கும் கையின் கட்டைவிரலைத் தடித்த தந்திமேல் சாய்த்து வையுங்கள், இல்லையென்றால் அந்தத் தந்தி பின்னால் முனகிக்கொண்டே இருக்கும்.