சார்ஜிங் நிலையத்துக்கு இடம் பார்ப்பது எப்படி?

காலி மனை கிடைத்துவிட்டது என்பதற்காக அங்கே மின்வாகன சார்ஜரை நட்டால் பெரும்பாலும் கையைக் கடிக்கும். முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: அங்கே வண்டி எவ்வளவு நேரம் நிற்கும்? பக்கத்தில் எவ்வளவு மின்சாரம் மிச்சம் இருக்கிறது?

நிற்கும் நேரம் தெரிந்தால் சார்ஜரின் அளவு தெரிந்துவிடும். அலுவலகத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வண்டி 8 மணி நேரம் சும்மா நிற்கிறது; 7.4 கிலோவாட் ஏசி (வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம்) தாராளம், 3.3 கூட ஓடும். வணிக வளாகத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் என்றால் 30 கிலோவாட் டிசி (பேட்டரிக்கு நேரே போகும் நேர்திசை மின்சாரம்) பொருந்தும். 22 கிலோவாட் ஏசி வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் பல கார்களின் ஆன்போர்டு சார்ஜர் (ஏசியை டிசியாக மாற்ற வண்டிக்குள்ளேயே இருக்கும் கருவி) 7 அல்லது 11 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. மீதித் திறனுக்குக் கொடுத்த காசு வீண். நெடுஞ்சாலையில் 60 கிலோவாட்டுக்குக் கீழே இறங்கவே வேண்டாம்.

அடுத்தது, எத்தனை கன் (வண்டியில் செருகும் கைப்பிடி) என்பது. உச்ச நேரத்தில் மணிக்கு 6 கார் வரும், ஒவ்வொன்றும் 40 நிமிடம் இடத்தைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 6 × 40 ÷ 60 = 4. நான்கே கன் போதும் என்று இதற்குப் பொருள் இல்லை. நான்கும் ஒரு நொடிகூடச் சும்மா இருக்கக் கூடாது என்று ஆகிவிடுவதால் வரிசை நீண்டுகொண்டே போகும். 6 கன் வையுங்கள். ஒன்று பழுதானாலும் சமாளிக்கலாம். அந்த 40 நிமிடத்தைச் சார்ஜரின் திறனை வைத்துக் கணக்குப் போட்டு எடுக்காதீர்கள். பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டியதும் வேகம் விழுந்துவிடும். சாப்பிடப் போனவர் திரும்பி வந்து வண்டியை எடுக்கவும் நேரம் ஆகும்.

பல திட்டங்கள் இடறி விழுவது மின்சாரத்தில்தான். வேறொரு நிலையத்தில் 60 கிலோவாட் சார்ஜர் நான்கு என்றால் வண்டிக்குப் போவது 240 கிலோவாட். சார்ஜரின் திறன் இழப்பையும் பவர் பேக்டரையும் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) சேர்த்தால் உள்ளே வர வேண்டியது சுமார் 260 கேவிஏ (டிரான்ஸ்பார்மரின் அளவைச் சொல்லும் அலகு). 250 கேவிஏ டிரான்ஸ்பார்மர் மயிரிழையில் போதாமல் போய், 315 கேவிஏ தேவைப்படும். லோடு மேனேஜ்மென்ட் (இருக்கும் மின்சாரத்தை வண்டிகளுக்கிடையே பங்கிடும் ஏற்பாடு) மூலம் மொத்த அளவை 180 கிலோவாட்டில் கட்டிப்போட்டால் அதே 250 கேவிஏ போதும். நான்கு வண்டியும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுப்பது அபூர்வம் என்பதால், இது பெரும்பாலும் யாருக்கும் உறைக்காது. ஏற்கெனவே இருக்கும் டிரான்ஸ்பார்மரில் இணைப்பதாக இருந்தால், தகட்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கடந்த ஓராண்டின் மணிவாரி லோடு விவரத்தை மின் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். பகலில் காலியாகத் தெரிவது மாலை 7 மணிக்கு நிரம்பி வழியலாம். சார்ஜர் டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளிப் போகப் போக கேபிள் தடிமனும் பள்ளம் தோண்டும் செலவும் ஏறும்.

நெடுஞ்சாலையைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியம் முக்கிய வழித்தடங்களில் 60 கிலோமீட்டருக்கு ஒன்று என்கிறது. நெடுஞ்சாலையில் சார்ஜர் வைக்கப் பணம் தரும் அமெரிக்க அரசின் நெவி திட்டம் 50 மைலை அளவாகக் கொண்டு தொடங்கியது. இவற்றை உச்ச வரம்பாக எடுத்துக்கொள்வது நல்லது. ஏற்றமும் குளிரும் எதிர்க்காற்றும் வண்டி ஓடும் தூரத்தைக் குறைத்துவிடும். நடுவே தடுப்பு உள்ள சாலையில் இரு பக்கத்தையும் தனித்தனியாக எண்ணுங்கள். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டிய நிலையம், இந்தப் பக்கம் வருபவருக்கு இல்லாத மாதிரிதான்.

நகருக்குள் வாகனப் பதிவு எண்ணிக்கையை மட்டும் வைத்து இடம் குறிப்பது பழைய தவறு. சொந்த வாசலில் வண்டி நிறுத்துபவர் வீட்டிலேயே சார்ஜ் செய்துகொள்வார். தெருவில் நிறுத்துபவர்கள் அதிகம் உள்ள பகுதியைத் தேடுங்கள்.

கடைசியாக, இடத்துக்கே நேரில் போங்கள். கட்டட வாசலை ஒட்டிய இடத்தில் பெட்ரோல் கார் வந்து நின்றுவிடும். கொஞ்சம் தள்ளி வைப்பதே மேல். சார்ஜிங் துளை சில கார்களில் மூக்கில், சிலவற்றில் பின்பக்கம் இடது அல்லது வலது ஓரத்தில் இருக்கும். அதனால் இரண்டு இடங்களுக்கு நடுவே சார்ஜரை வைத்து, முன்னாலும் பின்னாலும் கேபிள் எட்டுகிறதா என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். பீடம் மழைநீர் தேங்கும் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கன் எட்டாத உயரத்துக்குப் போகக் கூடாது. நிலத்தடி வாகன நிறுத்தம் என்றால் அங்கேயே நின்று ஒரு போன் செய்து பாருங்கள். சிக்னல் இல்லையென்றால் பணம் செலுத்தும் ஆப்பும் சார்ஜரின் சிம்மும் வேலை செய்யாது. தனியாக இணைய இணைப்பு இழுக்க வேண்டிவரும். பள்ளம் தோண்டும்போதே இரண்டு காலிக் குழாய்களையும் சேர்த்துப் புதைத்துவிடுங்கள். பின்னால் கன் கூட்டும்போது தரையை மறுபடி உடைக்க வேண்டியிருக்காது.