ஜேட் வாங்கும்போதும் பார்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜேட் என்றதும் பச்சையைத் தேடுவதுதான் முதல் தவறு. சீனர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் போற்றிவந்தது நெஃப்ரைட் என்ற கல்லை. அதிலும் வடமேற்குச் சீனாவில் சின்ஜியாங்கின் ஹோட்டான் பகுதியில் ஓடும் யுருங்காஷ் ஆற்றில் கூழாங்கற்களாகக் கிடைக்கும் வெள்ளைக் கல்லுக்குத் தனி மதிப்பு. எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்புள்ள அந்தக் கல்லை ‘ஆட்டுக்கொழுப்பு ஜேட்’ என்பார்கள். நகைக்கடையில் கண்ணைப் பறிக்கும் பச்சை, ஜேடைட் என்ற வேறு கனிமம்; அதையும் ஜேட் என்றே அழைக்கிறார்கள். மியான்மரின் கச்சின் பகுதியிலிருந்து அது சீனாவுக்குப் பெருமளவில் வந்தது 18-ஆம் நூற்றாண்டில்தான். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஹான் அரச மரபுக் காலத்துப் பொருள் என்று யாராவது பளிச்சென்ற பச்சை ஜேடைட்டை நீட்டினால் நம்பிவிடாதீர்கள்.

கண்ணாடியைக் கீறினால் அசல் என்பதும் தவறு. சாதாரண குவார்ட்ஸும் கண்ணாடியைக் கீறும். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் நெஃப்ரைட்டுக்கு 6 முதல் 6.5 வரைதான், நுண்ணிய இழைகள் பின்னிக் கிடப்பதால்தான் அது எளிதில் உடைவதில்லை. அதை உளியால் செதுக்க முடியாது, மணலும் நீரும் விட்டுத் தேய்த்தே உருவாக்க வேண்டும். சீனாவில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த லியாங்ஜு பண்பாட்டு மக்கள் செய்த ‘சொங்’ என்ற ஜேட் பொருள் வெளியே சதுரம், உள்ளே வட்டத் துளை. துளையின் நடுவே சிலவற்றில் மெல்லிய விளிம்பு ஒன்று தெரியும். இரு முனையிலிருந்தும் துளைத்து வந்தவர்கள் சந்தித்த இடம் அது. அருங்காட்சியகத்தில் சொங்கைப் பார்த்தால் அந்த விளிம்பைத் தேடிப் பாருங்கள். எத்தனை பொறுமை அது!

அதிர்ஷ்டக் கல்லாக மட்டும் பார்த்தால் சீனர்கள் அதில் கண்டதில் பாதி தவறிவிடும். ‘லிஜி’ என்ற பழஞ்சீனச் சடங்கு நூலில் சீன அறிஞர் கன்ஃபூசியஸ் ஜேடின் இயல்புகளை மனிதப் பண்புகளோடு ஒப்பிடுகிறார். இதமான மினுமினுப்பு கருணை. விளிம்பு இருந்தும் வெட்டாதது நேர்மை. குறை அழகை மறைக்காது, அழகும் குறையை மறைக்காது என்பதை விசுவாசத்தோடு சேர்க்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இன்றைய சந்தையில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. ஜேடைட்டை அமிலத்தில் ஊறவைத்துக் கறையை நீக்கி, உண்டான நுண்வெடிப்புகளில் பிசின் ஏற்றுகிறார்கள். இதுதான் ‘பி வகை’. சாயம் ஏற்றினால் ‘சி வகை’. மெழுகுப் பூச்சுக்கு மேல் எதுவும் செய்யாதது ‘ஏ வகை’. பி வகையைக் கண்ணால் மட்டும் பார்த்து உறுதி செய்ய முடியாது, ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள். சாயத்தை மட்டும் சில நேரம் உருப்பெருக்கியில் பிடித்துவிடலாம்: நிறம் வெடிப்புகளின் வழியே நரம்பு நரம்பாகத் தேங்கியிருக்கும்.

பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். ‘இந்திய ஜேட்’ பெரும்பாலும் அவென்சுரின் என்ற குவார்ட்ஸ் வகை. ‘மலேசிய ஜேட்’ சாயமேற்றிய குவார்ட்சைட் என்ற பாறை. இரண்டுமே ஜேட் அல்ல.

வாங்கிய பிறகு அமிலமும் அதிகச் சூடும் வேண்டாம். மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.